வென்டிலேட்டரில் இருப்பவரின் முடிவை முன்கூட்டிச் சொல்வது: எந்த எண்ணை, எந்த நாளில், எவ்வளவு நம்பலாம்?

மூச்சளவு எழுதியது:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன். மூச்சுக்குழாயில் குழாய் போட்டு ஒருவரை வென்டிலேட்டரில் இணைத்த ஒரு மணி நேரத்துக்குள், வெளியே காத்திருக்கும் உறவினர்களில் ஒருவர் "பிழைத்துக்கொள்வாரா டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறார். கேட்பது அவர்களுடைய உரிமை. பதில் சொல்லும் முறையில்தான் எங்களுக்குள் ஒழுங்கு இல்லை. ஒருவர் சதவீதம் சொல்கிறார், ஒருவர் "24 மணி நேரம் போகட்டும்" என்கிறார், இன்னொருவர் கையை மேலே காட்டிவிட்டுப் போய்விடுகிறார். இதைப் பற்றிப் பொறுமையாக விவாதிக்க வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் கையில் இருக்கும் கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985-இல் வெளிவந்த அப்பாச்சி 2 என்னும் மதிப்பெண் முறை, சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் பதிவான மிக மோசமான அளவுகளை எடுத்துக்கொள்கிறது. உடல் வெப்பம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கிரியாட்டினின் முதலான 12 அளவுகளோடு வயதையும் நாள்பட்ட நோய்களையும் சேர்த்து 0 முதல் 71 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 13 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,815 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு அது உருவானது. 1996-இல் வந்த சோஃபா என்னும் இன்னொரு மதிப்பெண் முறை, நுரையீரல், இரத்தம் உறைதல், கல்லீரல், இதய இரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறுக்கும், பாதிப்பு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும்படி, தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறது. நுரையீரல் முழுதும் அழற்சி பரவும் ஏ.ஆர்.டி.எஸ். நோய்க்கு 2012-இல் வகுக்கப்பட்ட பெர்லின் வரையறை, ஆக்சிஜன் விகிதத்தை (இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) வைத்து இலேசானது, நடுத்தரம், கடுமை என்று பிரிக்கிறது. அந்த வரையறையை உருவாக்கியவர்களின் தரவில் இறப்பு முறையே 27, 32, 45 சதவீதமாக இருந்தது.

27-க்கும் 45-க்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இறந்தவரையும் பிழைத்தவரையும் பிரித்துக் காட்டுவதில் அந்த வரையறைக்குக் கிடைத்த அளவு 0.577 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு 0.5, பிழையே இல்லாத கணிப்புக்கு 1 என்று வைத்துக்கொண்டால், இது எவ்வளவு பலவீனமான பிரிப்பு என்பது புரியும். "கடுமை" என்ற வகையில் விழுந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்திருக்கிறார்கள். "இலேசானது" என்ற வகையிலும் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் இறந்திருக்கிறார்கள்.

முதல் நாள் மதிப்பெண் ஒரு பிரிவை இன்னொரு பிரிவோடு ஒப்பிடவும், ஓர் ஆய்வில் இரு குழுக்களும் சமமான கடுமையோடு இருந்தனவா என்று பார்க்கவும் உதவுகிறது. கட்டிலில் கிடக்கும் ஒருவரின் விதியைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை என்பது என் நிலைப்பாடு. ஆனாலும் கேள்வி வாசலில் நிற்கிறது, பதில் சொல்லாமல் ஓட முடியாது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கோடும் புள்ளியும் எழுதியது:

நான் மருத்துவன் அல்லன். மருத்துவத் தரவுகளைக் கொண்டு முன்கணிப்பு மாதிரிகளைக் கட்டும் புள்ளியியல் துறையைச் சேர்ந்தவன். ஐயா சொன்ன 0.577 ஒரு தகுதியை மட்டும் அளக்கிறது. இரண்டு நோயாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதிக ஆபத்தில் இருப்பவரை மாதிரி சரியாகச் சுட்டுகிறதா என்பதே அந்தத் தகுதி. உறவினரிடம் சதவீதம் சொல்ல அது போதாது. "30 சதவீதம்" என்று மாதிரி சொன்ன நூறு பேரை எடுத்தால், உண்மையில் ஏறக்குறைய முப்பது பேர்தான் இறந்தார்களா என்று பார்க்க வேண்டும். முதல் தகுதியில் தேறிய மாதிரிகள் இரண்டாவதில் விழுவது சாதாரணம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சிகிச்சையின் காலத்தில் பயிற்றுவித்த மாதிரி இன்றைய நோயாளியின் ஆபத்தைக் கூட்டியே சொல்லும், ஏனென்றால் இடையில் சிகிச்சை மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் வெளியான 861 நோயாளிகளின் ஆய்வில், உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணித்த உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு மூச்சில் 12 மில்லிக்குப் பதிலாக 6 மில்லி காற்றைச் செலுத்தியதால் மட்டும் இறப்பு 39.8-இலிருந்து 31 சதவீதத்துக்குக் குறைந்தது. 2013-இல் வெளியான 466 பேரின் ஆய்வில், கடுமையான நோயாளிகளை நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது 28 நாள் இறப்பு 32.8-இலிருந்து 16 சதவீதமானது. இவற்றுக்கு முன்பு கட்டிய மாதிரிக்கு இவை எதுவும் தெரியாது.

அடுத்தது வகுக்கும் எண்ணைப் பற்றியது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் நியூயார்க் பகுதியிலிருந்து வந்த ஓர் அறிக்கையில், வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் 88 சதவீதம் பேர் இறந்ததாக ஓர் எண் இருந்தது. அது உலகம் முழுதும் பரவியது. "வென்டிலேட்டர் போட்டால் திரும்ப மாட்டார்கள்" என்று குடும்பங்கள் குழாய் போட மறுத்தன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள் மொத்தம் 1,151 பேர். அறிக்கை எழுதும் நாளில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள், மீதி 831 பேர் இன்னும் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் கொண்டு 282-ஐ வகுத்தால் 88 வரும். எல்லோரையும் கொண்டு வகுத்தால் 24.5 வரும். இரண்டில் எதுவும் உண்மையான இறப்பு வீதம் அல்ல. இறப்பு விரைவில் வந்துவிடுகிறது, குணமாகி வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது, ஆகவே பாதியில் எண்ணினால் சாவே அதிகமாகத் தெரியும். அறிக்கை பின்னர் திருத்தி வெளியிடப்பட்டது. முதல் எண் மனங்களை விட்டு வெளியேற நெடுநாள் பிடித்தது.

எங்கள் துறையில் நன்கு அறிந்த இன்னொரு பாடமும் உண்டு. நிமோனியா நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்கக் கட்டிய ஒரு மாதிரி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது. மருத்துவம் தெரிந்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். காரணத்தைத் தேடியபோது, ஆஸ்துமாக்காரர்களை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து உடனே கவனித்திருந்தார்கள் என்பதும் அதனால்தான் அவர்கள் பிழைத்தார்கள் என்பதும் தெரிந்தன. மாதிரி பார்த்தது நோயை மட்டுமல்ல, நோய்க்கு நாம் காட்டிய அக்கறையையும் சேர்த்துத்தான். "ஆபத்து குறைவு" என்ற அந்த வரியை நம்பி அவர்களை வெளிநோயாளியாக அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய ஸ்டெத் எழுதியது:

இருவரும் எண்களிலேயே நிற்கிறீர்கள். நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மயக்கவியல் மருத்துவன். நோயாளியின் கால் விரல்களின் குளிர்ச்சி, தோலில் தெரியும் திட்டுத் திட்டான நிறமாற்றம், குழாயை உறிஞ்சும்போது முகம் சுளிக்கிறாரா இல்லையா என்பவை எந்த மதிப்பெண்ணிலும் இல்லை. காலைச் சுற்றில் இவற்றைப் பார்த்துவிட்டு நான் மனத்துக்குள் எடுக்கும் முடிவு, பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அன்று ஒரு மதிப்பெண் முறை இருந்திருந்தால், அது எல்லோரையும் கைவிடச் சொல்லியிருக்கும். பியர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறைபோட்டு உட்கார வைத்துக் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கச் செய்தார். இறப்பு பாதிக்குக் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சை என்ற துறை பிறந்ததே, கணிப்பை ஏற்க மறுத்த ஒருவரால்தான். அனுபவமுள்ள கண்ணை எண்ணுக்கு அடிமையாக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மூச்சளவு எழுதியது:

ஐயாவின் அனுபவத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. குளிர்ந்த விரல்களையும் திட்டு விழுந்த தோலையும் பார்க்கக் கற்றுக்கொண்டது உங்களைப் போன்றவர்களிடம்தான். ஆனால் நம் கண் தவறுகிற இடத்தை ஆய்வு காட்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் வெளியான பிரிட்டிஷ் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தல்) ஆய்வில், "இவருக்கு இன்னும் குறைந்தது ஏழு நாள் வென்டிலேட்டர் தேவைப்படும்" என்று பொறுப்பு மருத்துவர் கருதிய நோயாளிகளையே சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நான்கு நாட்களுக்குள் கழுத்தில் துளையிட்டார்கள். மீதிப் பேருக்குப் பத்தாம் நாள் வரை காத்திருந்து, தேவை இருந்தால் மட்டும் செய்தார்கள். காத்திருந்த குழுவில் 45 சதவீதம் பேருக்கே அந்தத் துளை தேவைப்பட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் குழாயே வேண்டாத நிலைக்கு வந்திருந்தார்கள், சிலர் இறந்திருந்தார்கள். அனுபவமுள்ள கண்களால் ஒரு வாரத்துக்கு அப்பால் பார்க்க முடியவில்லை. 30 நாள் இறப்பு இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

நமக்கு நினைவில் நிற்பவை நாம் சரியாகச் சொன்னவையே. தவறியவற்றை எழுதிவைத்துத் திரும்பப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நானும் இதில் சேர்த்திதான்.

இரவுப் பணி எழுதியது:

வணக்கம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். இறப்பா பிழைப்பா என்பதையே எல்லோரும் பேசுகிறீர்கள். கட்டிலின் பக்கத்தில் நாங்கள் தினமும் செய்யும் கணிப்பு வேறு. இன்று குழாயை எடுத்தால் இவர் தானாக மூச்சு விடுவாரா, நாளைக்கே மறுபடி குழாய் போட வேண்டி வருமா என்பதே அது. மறுபடி குழாய் போட நேர்ந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதால் இதுவும் உயிர் பற்றிய கணிப்பே.

இதற்கு 1991-இல் வந்த ஓர் எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் காற்றின் அளவால், லிட்டர் கணக்கில், வகுக்க வேண்டும். 105-க்குக் கீழே வந்தால் குழாயை எடுக்க முயலலாம். சென்ற மாதம் ஒரு பெரியவருக்கு, மயக்க மருந்தை நிறுத்தி, அவராக மூச்சு விடும் சோதனையை வைத்தோம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 28 மூச்சு, ஒவ்வொன்றிலும் 320 மில்லி; வகுத்தால் 87.5 வந்தது. எல்லோர் முகத்திலும் நிம்மதி. நான் அவர் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இருபதாவது நிமிடத்தில் கழுத்துத் தசைகள் இழுக்கத் தொடங்கின, நெற்றியில் வியர்வை அரும்பியது, மார்பு மேலே எழும்போது வயிறு உள்ளே போயிற்று. மூச்சு 34, அளவு 260 மில்லி என்று ஆனபோது கணக்கு 130-ஐத் தாண்டிவிட்டது. முதல் நிமிடத்துக் கணக்கை மட்டும் எழுதி வைத்திருந்தால், அவர் தேறிவிட்டார் என்றே குறிப்பில் இருந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து முப்பது நிமிடமும் அவர் நன்றாகவே தாங்கினார். அப்போதும் நான் சளியைப் பற்றிச் சொன்னேன். மணிக்கு ஒரு முறை உறிஞ்ச வேண்டியிருந்தது, இருமலில் வலு இல்லை. குழாயின் வாயிலிருந்து ஓரிரண்டு செண்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து இருமச் சொல்வோம். அட்டையில் ஈரம் படவில்லை என்றால் சளியை வெளியே தள்ள அவருக்குச் சக்தி இல்லை என்று பொருள். அன்று அட்டை காய்ந்தே இருந்தது. மேலும் இரண்டு நாள் இருமல் பயிற்சி கொடுத்து, அட்டை நனைந்த பிறகே குழாயை எடுத்தார்கள். திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை.

மயக்க மருந்தின் பேரில் உறங்குபவருக்கு "மூளை 4 மதிப்பெண்" என்று சோஃபாவில் போட்டுவிட்டு, அதை மூளைப் பாதிப்பாக எண்ணிக் குடும்பத்திடம் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். அது நோயின் மதிப்பெண் அல்ல, நாம் கொடுத்த மருந்தின் மதிப்பெண். மருந்தைக் குறைத்துப் பார்க்காமல் அந்தப் பெட்டியை நிரப்பவே கூடாது.

மூத்த மகன் எழுதியது:

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் தாயார் 19 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்து காலமானார். எந்த மருத்துவமனை, யார் மருத்துவர் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் முயற்சியில் குறை வைத்ததாகவும் நான் நினைக்கவில்லை. எனக்கு நேர்ந்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் இரவு, "70 முதல் 80 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது" என்றார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே நான் 18 நாட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பின்னர் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் தொடங்கியது, இறங்கிய இரத்த அழுத்தத்தை உயர்த்த மருந்து ஏற்றினார்கள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த 80 இப்போது என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. தினமும் காலையில் "ஆக்சிஜன் 96 இருக்கிறது" என்றார்கள். நானும் ஊருக்குத் தொலைபேசியில் அதையே சொன்னேன். 18-ஆம் நாள் மாலையில் திடீரென்று "இனி நம்பிக்கை இல்லை" என்றார்கள். எனக்கு அது ஒரே நாளில் நடந்தது போல இருந்தது. ஆனால் அது ஒரே நாளில் நடந்திருக்காது அல்லவா?

மூச்சளவு எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒரே நாளில் நடந்திருக்காது.

96 என்பதை மட்டும் சொல்லக்கூடாது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்து அந்த 96 வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 80 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத ஆக்சிஜனில் அது கிடைத்தால் விகிதம் 160. 80 சதவீத ஆக்சிஜனில் அதே 80 கிடைத்தால் விகிதம் 100. விரலில் மாட்டிய கருவி இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். நுரையீரலோ நடுத்தரத்திலிருந்து கடுமைக்கு இறங்கியிருக்கும். உங்கள் தாயாருக்கு என்ன நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் "96" என்ற சொல் உங்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஆக்சிஜன் உண்மையிலேயே உயர்ந்தாலும் ஏமாறக்கூடாது. மேலே சொன்ன 861 பேரின் ஆய்வில், அதிகக் காற்று வாங்கிய குழுவுக்கே முதல் சில நாட்களில் ஆக்சிஜன் விகிதம் நன்றாக இருந்தது. அதிகம் இறந்ததும் அவர்கள்தான். நுரையீரலை விரித்துக் கிழித்து வாங்கிய ஆக்சிஜன் அது. அதனால்தான் இன்று ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் தாங்கும் அழுத்தத்தைப் பார்க்கிறோம். மூச்சை வெளியே விட்டு முடித்ததும் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் மூச்சு நிரம்பி நிற்கும்போது இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு கூடக் கூட இறப்பும் கூடுகிறது என்பதை 2015-இல் 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவு காட்டியது.

ஒரு நாளின் மதிப்பெண்ணை விட அதன் போக்கு அதிகம் பேசும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்க மதிப்பெண் எதுவாக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்தில் சோஃபா ஏறியவர்களில் பாதிப் பேராவது இறந்தார்கள். இறங்கியவர்களில் இறப்பு 27 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, முதல் இரவு உங்களுக்குச் சொன்ன 80, மூன்றாம் நாளே மறுபடி கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய அன்று நிச்சயமாக.

மெல்ல நட எழுதியது:

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மேலே எல்லோரும் "பிழைத்தார்" என்ற இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறீர்கள். ஏ.ஆர்.டி.எஸ். நோயிலிருந்து மீண்ட 109 பேரைப் பின்தொடர்ந்த கனடிய ஆய்வில், ஓராண்டுக்குப் பின் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், அதே வயதினர் நடக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. ஐந்து ஆண்டுகள் ஆன பின்னும் நான்கில் மூன்று பங்கை எட்டியதோடு சரி. அவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினர். நுரையீரல் பெருமளவு தேறிவிட்டது. தேறாமல் இழுத்தடித்தவை தசையும் மனமும்.

நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்த 126 பேரைப் பற்றி 2009-இல் வந்த ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. ஓராண்டு வரை பிழைத்திருப்பார் என்று குடும்பத்தினரில் 93 சதவீதம் பேர் பெரிதும் நம்பினார்கள். மருத்துவர்களில் 43 சதவீதம் பேரே நம்பினார்கள். ஓராண்டு முடிவில் 56 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அன்றாடக் காரியங்களில் பெரிய தடை இல்லாமல் இருந்தவர்களோ 9 சதவீதம்தான். பழைய ஸ்டெத் ஐயா கவனிக்க வேண்டும்: உயிர் விஷயத்தில் மருத்துவர்கள் தேவைக்கு மேல் நம்பிக்கை இழந்திருந்தார்கள், குடும்பங்கள் தேவைக்கு மேல் நம்பியிருந்தன. இரண்டு தரப்பும் ஒன்றோடு ஒன்று பேசியிருந்தால் உண்மைக்கு அருகில் வந்திருப்பார்கள்.

நான் முதன்முதலில் ஒருவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்கும்போது, அவர் தன் தலையைத் தானே நிமிர்த்தி வைத்திருக்கும் வினாடிகளை எண்ணுவேன். வென்டிலேட்டரோடு இணைந்திருக்கும்போதே இதைச் செய்யலாம். நோய்க்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்பதையும் வீட்டாரிடம் கேட்டு எழுதுவேன். ஒரு வாரம் முன்பு வரை தோட்டத்தில் குனிந்து வேலை செய்த எழுபது வயதும், வீட்டுக்குள்ளேயே துணை வேண்டியிருந்த எழுபது வயதும் மதிப்பெண்ணில் ஒன்று. மீள்வதில் ஒன்றல்ல.

பழைய ஸ்டெத் எழுதியது:

டிரக்கியாஸ்டமி ஆய்வின் எண்ணைப் படித்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். நான் தவறிய முகங்களும் நினைவுக்கு வந்தன. "பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் கணக்கு வைத்ததில்லை.

அதோடு, என் அச்சம் ஒன்றையும் சொல்ல வேண்டும். "இவர் பிழைக்க மாட்டார்" என்று நான் மனத்துக்குள் முடிவெடுத்த பிறகு, டயாலிசிஸ் வேண்டாம் என்கிறேன், அழுத்த மருந்தைக் கூட்ட வேண்டாம் என்கிறேன், அவர் இறந்துவிடுகிறார், என் கணிப்பு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். மூளையில் இரத்தம் கசிந்த நோயாளிகளில், சிகிச்சையை நிறுத்தும் முடிவே இறப்பை நிர்ணயித்தது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். நம் முடிவால் இறந்தவரை நோயால் இறந்தவர் என்று தரவில் எழுதினால், அந்தத் தரவில் பயிலும் மாதிரியும் அடுத்தவரைக் கைவிடச் சொல்லும்.

கோடும் புள்ளியும் எழுதியது:

ஐயா கடைசியாகச் சொன்னதைத் தாண்டி நான் வேறு என்ன சொல்ல. தரவில் ஒவ்வோர் இறப்பின் பக்கத்திலும், சிகிச்சை முழுமையாகத் தொடர்ந்ததா, இடையில் மட்டுப்படுத்தப்பட்டதா என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். பெரும்பாலான தரவுத்தொகுப்புகளில் அது இருப்பதில்லை, அல்லது செவிலியரின் குறிப்புகளுக்குள் புதைந்திருக்கிறது.

உள்ளே வரும் எண்ணே கோணலாக இருக்கலாம் என்பதும் முக்கியம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தச் சோதனையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தோல் கறுத்தவருக்குக் கருவி நலம் என்று பொய் சொன்னால், அந்த எண்ணை வாங்கும் மாதிரியும் அவரை நலம் என்றே கணிக்கும்.

நாள் கடந்த பின் கேட்கும் கேள்விக்கு வேறு கருவி வேண்டும். மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தவருக்கு முதல் நாளின் அப்பாச்சி பயன்படாது. அந்த நாளில் வயது, இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பது, அழுத்த மருந்து தேவைப்படுவது, டயாலிசிஸ் தேவைப்படுவது ஆகிய நான்கை மட்டும் பார்க்கும் புரோவென்ட் என்ற மதிப்பெண், ஓராண்டு இறப்பைக் கணிக்கவே உருவாக்கப்பட்டது. 21-ஆம் நாளுக்கு முதலில் வந்தது, பின்னர் 14-ஆம் நாளுக்கும் அமைக்கப்பட்டது. நான்கே கேள்விகள், இவற்றுள் இரண்டு, மூத்த மகன் ஐயா தாமாகவே இங்கே எழுதியவை. அவற்றின் பொருளை அன்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

மூத்த மகன் எழுதியது:

அந்த இரண்டையும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் என்றால் சிறுநீரகத்துக்கு உதவி என்று மட்டும் நினைத்தேன்.

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அடுத்த முறை என்னைப் போல ஒருவர் முதல் இரவில் வந்து கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்தச் சொற்களை அப்படியே கேட்க விரும்புகிறேன்.

மூச்சளவு எழுதியது:

எழுதிப் பார்த்தேன், ஐயா. இப்படிச் சொல்வேன்:

"அம்மாவுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதித்திருக்கிறது. இவ்வளவு பாதிப்போடு வருபவர்கள் பத்துப் பேரில் நான்கு அல்லது ஐந்து பேர் இறந்துவிடுகிறார்கள், மற்றவர்கள் பிழைக்கிறார்கள். அம்மா எந்தப் பக்கம் போவார் என்று இன்று இரவு என்னால் சொல்ல முடியாது. மூன்று நாளில் இன்னும் தெளிவாகத் தெரியும். கொடுக்கும் ஆக்சிஜனைக் குறைக்க முடிகிறதா, சிறுநீர் வருகிறதா, அழுத்த மருந்தை இறக்க முடிகிறதா என்று மூன்றைப் பார்ப்போம். மூன்றும் நல்ல பக்கம் போனால் நானே வந்து சொல்வேன். கெட்ட பக்கம் போனாலும் நானே வந்து சொல்வேன். இடையில் டயாலிசிஸ் போன்ற புதிய ஏதாவது தேவைப்பட்டால், கையெழுத்து வாங்கும்போதே, அதனால் நம் கணிப்பு எப்படி மாறுகிறது என்பதையும் சொல்வேன். இதற்கு முன் அம்மா வீட்டில் எப்படி இருந்தார், எப்படி வாழ்வது அவருக்குப் பிடிக்கும் என்று இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்பேன். குறிப்பேட்டில் என் கணிப்பையும் தேதியையும் எழுதி, அடுத்துப் பேச வேண்டிய நாளையும் அதன் கீழே எழுதிவைப்பேன், அன்று பணியில் இருப்பவர் நானாக இல்லாவிட்டாலும் யாராவது உங்களைத் தேடி வரும்படி.

இரவுப் பணி எழுதியது:

அந்த நாளை எங்கள் இரவுத் தாளிலும் எழுதச் சொல்லுங்கள், டாக்டர். பகலில் மறந்துவிட்டால், விடிவதற்குள் நாங்கள் நினைவுபடுத்துவோம்.